எழுதிப் பழகியவர் வரையட்டும்

எழுத்துரு வடிவமைக்க வரும் தம்பி தங்கைகளுக்கு,

இந்தத் தொழிலுக்குள் நுழையும் பலரும் முதலில் செய்ய ஆசைப்படுவது கையால் எழுதியது போன்ற எழுத்துருவைத்தான். கல்யாணப் பத்திரிகையிலும் சினிமாத் தலைப்பிலும் அதன் நெளிவு சுளிவைப் பார்த்து மயங்கியிருப்பீர்கள். ஆசை நல்லதுதான். ஆனால் நெளிவை மட்டும் வெளிக்கோடாகப் படியெடுத்தால் உயிரில்லாத வடிவமே மிஞ்சும். காலிகிராஃபி என்றும் வனப்பெழுத்து என்றும் நாம் சொல்லும் கலையிலிருந்து பிறந்த ஒவ்வொரு நல்ல எழுத்துருவுக்குப் பின்னாலும் ஒரு கருவி, ஒரு கை, ஒரு தேவை இருக்கின்றன. அந்த மூன்றையும் அறிந்தவருக்கே வடிவம் வசப்படும். ஐரோப்பாவின் உரோமன் எழுத்தில் இந்த வரலாறு விரிவாகப் பதிவாகியிருப்பதால் பெரும்பாலான சான்றுகளை அங்கிருந்தே எடுக்கிறேன்.

1. முதலில் பேனா, பிறகு கணினி.

பட்டை நிப்புப் பேனாவை ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் வைத்து, அந்தக் கோணம் மாறாமல் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் கோடு தடிக்கும், இன்னோரிடத்தில் மெலியும். நிப்பு எந்தத் திசையில் போகிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது. அடுத்து, நுனி பிளந்த கூர் நிப்பை எடுங்கள். அழுத்தினால் பிளவு விரிந்து கோடு பருக்கும், அழுத்தத்தை விட்டால் மயிரிழையாகும். நெதர்லாந்தின் ஹேக் நகரக் கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் எழுத்து கற்பித்த கெரிட் நோர்ட்சேய், உரோமன் எழுத்தின் தடிப்பையும் மெலிவையும் இந்த இரண்டு வேர்களிலிருந்தே விளக்கினார். கேரமண்ட் வகைப் பழைய புத்தக எழுத்துகளை உற்றுப் பார்த்தால் பட்டை நிப்பு தெரியும். பொடோனி எழுத்தைப் பார்த்தால் கூர் நிப்பு தெரியும்.

பட்டை நிப்பு கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு பென்சில்களைச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டி எழுதுங்கள். இரண்டு முனைகளும் இரண்டு கோடுகள் போடும். இடைவெளி எங்கே அகல்கிறது, எங்கே ஒடுங்குகிறது என்பது கண்ணாடி போலத் தெரியும்.

2. மூலச் சுவடிக்குப் போங்கள்.

நீங்கள் பார்க்கும் பெரும்பாலான எழுத்துருக்கள் வேறோர் எழுத்துருவைப் பார்த்துச் செய்தவை. நகலின் நகலிலிருந்து கற்றால் பிழையும் சேர்ந்தே வரும். எட்வர்டு ஜான்ஸ்டன் என்ன செய்தார் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பட்டை நிப்பு எழுத்து ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழஞ்சுவடிகளின் முன் உட்கார்ந்தார். 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட ராம்சி சங்கீதச் சுவடியை (விவிலியத் திருப்பாடல்களின் சுவடியை)ப் பார்த்து, நிப்பின் அகலம் எவ்வளவு, கோணம் என்ன, எந்தக் கோடு முதலில் விழுந்தது என்று பிரித்தறிந்தார். அதிலிருந்து மாணவர்களுக்கு ஓர் அடிப்படைக் கையெழுத்தை வகுத்தார். 1906-இல் அவர் எழுதிய கையேட்டை அன்னா சைமன்ஸ் 1910-இல் ஜெர்மனில் பெயர்த்தார். ஒரு சுவடியை ஒருவர் ஒழுங்காகப் படித்ததால் இரண்டு நாடுகளில் ஒரு கலை மீண்டது.

அதே ஜான்ஸ்டன்தான் லண்டன் சுரங்க ரயிலுக்கு 1916-இல் பயனுக்கு வந்த எழுத்தை வடித்தவர். செரிஃப் எனப்படும் கோட்டு முனைக் கொடுக்கு இல்லாத, தடிப்பு மாறாத எழுத்து அது. ஆனால் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஐ’யின் (i) தலைப்புள்ளியைப் பாருங்கள். வட்டமாக இராது, சாய்சதுரமாக இருக்கும். பட்டை நிப்பைத் தாளில் ஒருமுறை வைத்தெடுத்தால் விழும் வடிவம் அது. பேனாவை முற்றிலும் விட்டு விலகிய எழுத்திலும் பேனா பிடித்த கையின் பழக்கம் தங்கிவிட்டது.

3. கல்லிலும் தூரிகையைத் தேடுங்கள்.

உரோம் நகரத்து டிராஜன் தூணின் அடியில் கி.பி. 113-ஐ ஒட்டிய கல்வெட்டு ஒன்று உண்டு. உரோமன் பேரெழுத்துகளின் இலக்கணம் என்று அதைக் கொண்டாடுவார்கள். அதன் செரிஃப் உளியின் வேலையால் வந்தது என்றே பலரும் நம்பிவந்தார்கள். அமெரிக்கப் பாதிரியார் எட்வர்டு கேட்டிச் அதை ஏற்கவில்லை. அவர் இளமையில் சிகாகோவில் விளம்பரப் பலகை எழுதியவர். அந்தப் பழக்கத்தோடு கல்லைப் பார்த்ததால், தட்டைத் தூரிகையால் முதலில் எழுதி, அதன்மேல்தான் உளி போயிருக்கிறது என்று கண்டார். தூரிகையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கை திருப்புகிற திருப்பமே செரிஃப் என்று 1968-இல் நூலாக எழுதினார். பலகை எழுதிய கைதான் அறிஞர்களுக்குப் பிடிபடாததைப் பிடித்தது. நம் ஊர்ச் சுவர்களில் இன்னும் தூரிகையால் எழுதுகிறவர்களிடம் போய் நில்லுங்கள். தட்டைத் தூரிகை மூலையில் எப்படித் திரும்புகிறது என்பதைப் புத்தகத்தைவிட அவர்கள் கை தெளிவாகச் சொல்லும்.

4. மூலத்தில் இல்லாததை நிரப்பும் துணிவு வேண்டும்.

அதே கல்வெட்டில் எச், ஜே, கே, யூ, டபிள்யூ, ஒய், இசட் ஆகிய ஏழு எழுத்துகள் இல்லை. 1989-இல் கரோல் டுவோம்பிளி அடோபி நிறுவனத்துக்காக டிராஜன் எழுத்துருவை உருவாக்கியபோது அந்த ஏழையும் அவரே வருவிக்க வேண்டியிருந்தது. எண்களும் நிறுத்தக் குறிகளும் அப்படித்தான். இருக்கிற எழுத்துகளின் அகல விகிதத்தையும் முனைத் திருப்பத்தையும் உள்வாங்கியவரால்தான் இல்லாத எழுத்தை உறவு மாறாமல் பிறப்பிக்க முடியும். உங்கள் மூலம் ஒரு கல்வெட்டோ, பழைய கடிதமோ, ஒரு சினிமாத் தலைப்போ எதுவாக இருந்தாலும், முதல் வேலையாக அதில் என்னென்ன எழுத்துகள் இல்லை என்று பட்டியல் போடுங்கள். உண்மையான வடிவமைப்பு அந்தப் பட்டியலில் தொடங்குகிறது.

5. எழுத்து எதற்காகப் பிறந்தது என்று கேளுங்கள்.

சாய்வெழுத்து அழகுக்காகச் சாய்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்ஸ் நகரத்து நிக்கோலோ நிக்கோலி, பழைய நூல்களை விரைந்து படியெடுக்கவே அப்படி எழுதினார். வேகத்தில் எழுத்து சாய்ந்தது, ஒடுங்கியது, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டது. பிறகு போப்பாண்டவரின் செயலகத்தில் கடித வேலைக்கு அது உகந்ததாயிற்று. 1501-இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் கையடக்கப் புத்தகமாக வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ அந்தக் கையெழுத்தை உலோக எழுத்தாக வெட்டித் தந்தார். அதில் சிற்றெழுத்துகள்தான் சாயும். பேரெழுத்துகள் நிமிர்ந்தே நிற்கும். எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாஃப்பின் 1979-ஆம் ஆண்டு ஸாஃப் சான்சரி எழுத்துருவும், ராபர்ட் ஸ்லிம்பாக்கின் 1992-ஆம் ஆண்டு பொயட்டிகாவும் இந்தச் செயலக எழுத்தின் வழித்தோன்றல்கள். வேகத்தில் பிறந்த வடிவத்தை நிதானமாக, ஒவ்வொரு வளைவையும் அளந்து வரைந்தால் அதன் இயல்பு செத்துவிடும். மூலம் எந்த வேகத்தில் எழுதப்பட்டதோ அந்த வேகத்தில் நீங்களும் எழுதிப் பார்த்த பிறகே வரையுங்கள்.

6. நடுவில் நிற்கும் கையை மறக்காதீர்கள்.

லுடோவிகோ அரிகி என்ற எழுத்தர் 1522 என்ற ஆண்டுக் குறிப்போடு உரோமில் ‘லா ஓபெரினா’ என்ற சிறு கையேட்டை வெளியிட்டார். செயலக எழுத்தை எப்படி எழுதுவது என்று சாதாரண மக்களுக்குக் கற்பிக்கும் நூல் அது. ஆனால் நாம் அதில் பார்ப்பது அரிகியின் பேனாக் கோட்டை அன்று. மரக்கட்டையில் அதைச் செதுக்கிய ஊகோ டா கார்பியின் கத்திக் கோட்டை. ஸாஃப்பின் பலடினோ எழுத்துருவுக்கும் அப்படி ஒரு துணைக் கை உண்டு. எஃகுத் தண்டில் எழுத்தை வெட்டியவர் அகுஸ்ட் ரோசன்பெர்கர். பலடினோ என்ற பெயரே 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தாசான் ஒருவரின் பெயர்.

இன்று வெட்டுபவர் இடத்தில் கணினியின் வளைகோடு உட்கார்ந்திருக்கிறது. எழுதியதை ஸ்கேன் செய்து தானியங்கியாக வெளிக்கோடு எடுக்கும் வசதி உங்களிடம் உண்டு. மையின் கசிவையும் தாளின் சொரசொரப்பையும் எழுத்தின் குணமாக அது எடுத்துக்கொள்ளும். தேவையில்லாத புள்ளிகளை வரிசையாக வைக்கும். அதை அழித்துவிட்டு, வளைவின் உச்சிகளில் மட்டும் புள்ளி வைத்து நீங்களே கோட்டை இழுங்கள். எதைக் காப்பது, எதை விடுவது என்ற முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

7. ஒரே எழுத்து ஒரே முகத்தோடு திரும்பத் திரும்ப வந்தால் குட்டு உடைந்துவிடும்.

கையால் எழுதும்போது ஒரே ஆங்கிலச் சொல்லில் வரும் இரண்டு ‘ஈ’ (e) ஒன்றுபோல இருக்காது. எழுத்துருவில் அச்சுப்பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். இந்தச் சிக்கலை ஐரோப்பாவில் முதலில் சந்தித்தவர் கூட்டன்பர்க். 1455-ஐ ஒட்டி முடிந்த அவருடைய 42 வரி விவிலியத்துக்கு அவர் ஏறக்குறைய 290 தனித்தனி வடிவங்களை வார்த்தார். லத்தீன் அகரவரிசைக்கு அத்தனை தேவையில்லை. கூட்டெழுத்து, சுருக்கெழுத்து, ஒடுங்கிய வடிவம் என்று வைத்துக்கொண்டு சுவடி எழுத்தரைப் போலவே வரியின் இரு ஓரத்தையும் சீராக்கினார்.

ஐந்து நூற்றாண்டுகள் கழித்து ஸாஃப் அதே சிக்கலுக்கு வந்தார். 1944-இல், போர்ப் பணியில் இருந்த காலத்தில், தம் குறிப்பேட்டில் தாராளமான வீச்சோடு ஒரு வனப்பெழுத்தை எழுதிப் பார்த்திருந்தார். உலோக அச்சில் அந்த வீச்சுக்கு இடமில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் பல மாற்று வடிவங்களைக் கணினி தாங்கும் காலம் வந்த பிறகுதான், 1998-இல், அது ஸாஃபினோவாக வெளிவந்தது. அந்த எழுத்துருவில் அதன் பெயரையே தட்டச்சு செய்தால் எழுத்துகள் சேர்ந்து ஒரே வீச்சாக மாறும். உங்கள் எழுத்துருவிலும் அடிக்கடி வரும் எழுத்துகளுக்காவது இரண்டு மூன்று முகங்கள் வையுங்கள். பக்கத்து எழுத்தைப் பார்த்து மாறும்படி ஓப்பன்டைப் விதி எழுதுங்கள்.

8. இணைப்பைத் தொடக்கத்திலேயே தீருங்கள்.

கோத்தெழுதும் எழுத்துருவின் உயிர், ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொடும் இடத்தில் இருக்கிறது. எல்லா எழுத்துகளும் ஒரே உயரத்தில், ஒரே தடிப்பில், ஒரே சாய்வில் வெளியேறி உள்ளே வரவேண்டும். உலோகத்தில் இது பெருந்தொல்லை. சாய்ந்த எழுத்தின் வால் செவ்வகக் கட்டைக்கு வெளியே நீட்டினால் ஒடியும். ஒடியாவிட்டாலும் தேய்ந்து இடைவெளி காட்டும். அந்தத் தடையை வைத்துக்கொண்டே, 1953-இல் பிரான்சின் ரோஜர் எக்ஸ்கோஃபோன் தம் சொந்தக் கையெழுத்தின் சாயலில் மிஸ்ட்ரல் எழுத்தைச் செய்தார். மார்செய் நகரத்து ஒலிவ் வார்ப்பகம் வெளியிட்டது. அந்தப் பகுதியில் வீசும் காற்றின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1960-களின் நடுவில், உலோகக் கட்டையின் தடை இல்லாத புகைப்பட அச்சுக்கோப்புக்காக, மேத்யூ கார்ட்டர் 17-ஆம் நூற்றாண்டு லண்டன் எழுத்தாசான் சார்லஸ் ஸ்னெல்லின் கையெழுத்திலிருந்து ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டை எடுத்தார். பழைய மூலத்தைப் புதிய தொழில்நுட்பம் வாழவைத்த கதை அது. நீங்கள் முதல் ஐந்தாறு எழுத்துகளை வரைந்ததும் நிறுத்தி, அவற்றை எல்லா விதமாகவும் மாற்றிக் கோத்துப் பாருங்கள். இணைப்பு சரியாகாமல் அடுத்த எழுத்துக்குப் போக வேண்டாம்.

9. குறிப்பேடு இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

1950-இல் புளோரன்ஸின் சாண்டா குரோச்சே தேவாலயத்துக்குப் போன ஸாஃப், தரையில் பதித்திருந்த கல்லறைப் பலகைகளின் எழுத்தைக் கண்டு நின்றுவிட்டார். செரிஃப் இல்லை, ஆனால் கோடுகள் முனையில் மெல்ல அகன்றன. கையில் தாள் இல்லாததால் 1000 லீரா பணத்தாளிலேயே வரைந்துகொண்டார். அது 1958-இல் ஆப்டிமாவாக வந்தது. வாஷிங்டனில் வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்க வீரர்களின் நினைவுச் சுவரில் பெயர்களைப் பொறித்திருப்பது அந்த எழுத்தில்தான். ஸாஃப்புக்குப் பணத்தாள் கைகொடுத்தது. உங்களிடம் கைப்பேசிக் கேமரா இருக்கும். ஆனாலும் படம் எடுத்த பிறகு அங்கேயே நின்று கையால் ஒருமுறை வரையுங்கள். கேமரா பார்த்ததைக் கை நினைவில் வைத்துக்கொள்ளாது.

10. எல்லா எழுத்தையும் துண்டாக்க முடியாது.

உருது மொழியின் நஸ்தலீக் எழுத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் வலப்பக்க மேலிருந்து இடப்பக்கக் கீழாகச் சரியும். பக்கத்தில் யார் என்பதைப் பொறுத்து எழுத்தின் வடிவமும் உயரமும் மாறும். தனித்தனி அச்செழுத்தாக அதை வெட்டுவது அவ்வளவு கடினமாக இருந்ததால், உருதுப் பத்திரிகைகள் காத்திப் எனப்படும் எழுத்தர்களையே நெடுங்காலம் நம்பியிருந்தன. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கிய ‘முசல்மான்’ நாளிதழ் கையெழுத்துப் பத்திரிகையாகவே பேர்பெற்றது. பாகிஸ்தானின் மிர்சா அகமது ஜமீல் எழுத்தாகப் பிரிக்கும் வழியையே கைவிட்டு, 18,000-க்கும் மேற்பட்ட கூட்டு வடிவங்களைக் கையால் எழுதிக் கணினிக்குக் கொடுத்தார். 1981-இல் வந்த நூரி நஸ்தலீக் அதுதான். கணினியின் வசதிக்காக எழுத்தை வளைக்காமல், எழுத்துக்காகக் கணினியை உழைக்கவைத்த அந்தப் பிடிவாதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

11. தமிழுக்கு உரோமன் எழுத்தின் தடிப்பை இரவல் வாங்காதீர்கள்.

நம் எழுத்து நெடுங்காலம் ஓலையில் வளர்ந்தது. எழுத்தாணி கீறும் கோடு எங்கும் ஒரே அளவு. கரி பூசித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்காமல் விட்டார்கள். ஆகவே ‘எங்கே தடிக்க வேண்டும்’ என்பதற்கு ஓலை மரபில் விடையில்லை. உரோமன் எழுத்தில் நிமிர்ந்த கோடு பெரும்பாலும் தடிக்கிறது என்பதற்காக ‘ழ’வின் நிமிர்ந்த கோட்டைத் தடிக்கவைப்பது சோம்பல். பட்டை நிப்பைப் பல கோணங்களில் பிடித்து க, ண, ழ, ஞ, இ ஆகியவற்றை எழுதுங்கள். எந்தக் கோணத்தில் ‘ஞ’வின் உள்வளைவு அடைபடாமல் இருக்கிறது, எதில் ‘ண’வின் சுழிகள் மூச்சுவிடுகின்றன என்று பாருங்கள். தூரிகையிலும் அதையே செய்யுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும் அது தமிழ் எழுத்திலிருந்து வந்த முடிவாக இருக்கும்.

12. உபயோகிப்பவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

வீச்செழுத்து தலைப்புக்கும் பெயருக்கும் உரியது. அதில் ஒரு பத்தியை அடுக்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். உங்கள் எழுத்துருவில் மணமக்கள் பெயர், முகவரி, நாள், நேரம் எல்லாம் அடித்து, பத்திரிகை அளவிலேயே அச்செடுத்து, கண்ணாடி போட்ட ஒரு பாட்டியிடம் கொடுங்கள். மண்டபத்தின் பெயரை அவர் வாசித்துவிட்டால் எழுத்துரு தேறியது. தடுமாறினால் எந்த எழுத்தில் தடுமாறினார் என்று குறித்துக்கொண்டு திரும்ப உட்காருங்கள். ஆங்கிலப் பேரெழுத்துகளை மட்டும் வரிசையாக அடுக்கி வீச்செழுத்தில் பெயர் போடும் வழக்கத்தை வாடிக்கையாளர் கேட்டாலும் மறுத்துப் பேசுங்கள். ஒருவருக்கும் புரியாது.

13. கடனை வெளியே சொல்லுங்கள்.

கார்ட்டர் ஸ்னெல்லின் பெயரை வைத்தார். 1925-இல் அமெரிக்காவின் பிரெடரிக் வார்டு, நான்கு நூற்றாண்டுப் பழைய சாய்வெழுத்தை மீட்டபோது அதற்கு அரிகி என்றே பெயரிட்டார். முன்னோர் பெயரைச் சொன்னதால் இவர்கள் யாருக்கும் புகழ் குறையவில்லை. சுவடியிலிருந்து எடுத்தால் எந்தச் சுவடி, எந்த நூலகம் என்று எழுதுங்கள். சுவர் எழுத்தாளர் ஒருவரின் கையிலிருந்து எடுத்தால் அவரிடம் அனுமதி கேளுங்கள், அவர் பெயரைப் போடுங்கள், வரும் பணத்தில் பங்கு கொடுங்கள். வாழும் ஒருவரின் எழுத்துருவைத் திறந்து புள்ளிகளை நகர்த்திப் புதுப்பெயர் சூட்டுவது திருட்டு. அதற்கு ‘ஊக்கம் பெற்றேன்’ என்று பெயர் வைக்காதீர்கள்.

இத்தனையும் செய்தால் முதல் எழுத்துரு முடிய நெடுநாளாகும். ஸாஃப்பின் குறிப்பேட்டுப் பக்கம் எழுத்துருவாக 54 ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு ஆகாது. ஆனால் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டால் எழுதிப் பழகாமல் வரைந்துவிட்டீர்கள் என்றே பொருள். இன்றைக்கே ஒரு பட்டை நிப்பும் ஒரு புட்டி மையும் வாங்குங்கள். கணினியை அடுத்த மாதம் திறக்கலாம்.